திருட்டும் படியும்: கையடக்கக் காணொளிக் கருவிகள், நகல் தடை, காயல்பட்டினத்து நுகர்வோர்

ஆய்வுச் சுருக்கம்

எண்மவழி நகலெடுப்பைத் தடுக்கும் தொழில்நுட்பப் பூட்டுகளைத் தமிழக நுகர்வோர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதைக் கையடக்கக் காணொளிக் கருவிகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. முத்துக்குளித்துறைக் கடற்கரையின் காயல்பட்டினம் களமாகக் கொள்ளப்படுகிறது. ‘திருட்டு விசிடி’ என்னும் சொல்லாட்சி, விற்பனைக்காக நகலெடுத்தல், சொந்தப் பயனுக்காக வடிவம் மாற்றுதல், உறவுக்குள் பகிர்தல் என்னும் மூன்று வேறுபட்ட செயல்களை ஒரே பெயரின்கீழ்க் கொண்டுவந்துவிட்டது. 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் இம்மூன்றையும் ஒன்றாகக் கருதவில்லை. எனினும் அச்சட்டம் தரும் உரிமை நுகர்வோரின் கைக்கு வந்துசேரவில்லை. இந்த இடைவெளியை நிரப்பியது பூட்டில்லாத மலிவுக் கருவியே என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: காயல்பட்டினம், கையடக்கக் காணொளிக் கருவி, நகல் தடை, பதிப்புரிமை, திருட்டு விசிடி, படியெடுத்தல்.

முன்னுரை

திரையரங்கு இல்லாத ஊர் எனப் பெயர்பெற்றது காயல்பட்டினம். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில் அமைந்த இவ்வூர் கடல்வணிகத்தால் வளர்ந்தது. இலங்கையோடு நெடுங்காலத் தொடர்புடையது. பின்னாளில் வளைகுடா நாடுகளுக்கும் ஹாங்காங்குக்கும் தொழிலின்பொருட்டு ஆடவர் சென்றுவரும் ஊராகவும் ஆயிற்று. ஊருக்குள் திரையரங்கு இல்லாத நிலையில் அசையும் படம் வீட்டின் வழியாகவே அறிமுகமாயிற்று. முதலில் ஒளிநாடா, அடுத்து விசிடி, டிவிடி, பின்னர் ‘எம்பி4 பிளேயர்’, அதன்பின் கைபேசியின் நினைவக அட்டை என அந்த வரவு தொடர்ந்தது. இத்தகைய ஊரில் படம் காண்பது என்பது ஒரு பொருளை வாங்குவது, இரவல் பெறுவது, படியெடுப்பது ஆகிய செயல்களோடு பிணைந்தது. நுழைவுச்சீட்டு வாங்கிப் படம் பார்த்துத் திரும்பும் பார்வையாளரைவிடப் படத்தின் பொருள்வடிவைக் கையில் வைத்திருப்பவரே இங்கு முதன்மை பெறுகிறார்.

நகல் ஊடகங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சந்தையை மையமாகக் கொண்டவை. வட இந்திய ஒலிநாடாப் பண்பாட்டைக் குறித்த பீட்டர் மேனுவலின் நூல் (1993), நைஜீரியக் காணொளி வணிகத்தைக் குறித்த பிரையன் லார்கினின் நூல் (2008), தில்லியின் ஊடகச் சந்தைகளைக் குறித்த ரவி சுந்தரத்தின் ஆய்வு, வளரும் நாடுகளின் ஊடக நகலெடுப்பு பற்றி ஜோ கராகனிஸ் பதிப்பித்த தொகுப்பு (2011) ஆகியன விற்பவர், விநியோகிப்பவர், விலை ஆகியவற்றை நன்கு விளக்கியுள்ளன. வாங்கிய பொருள் வீட்டுக்குள் வந்தபின் அதன்மேல் இடப்பட்டிருந்த பூட்டுக்கும் அதை வாங்கியவருக்கும் இடையே நிகழ்ந்தது என்ன என்னும் வினா தமிழ்ச்சூழலில் போதிய கவனம் பெறவில்லை. இக்கட்டுரை அவ்வினாவை எடுத்துக்கொள்கிறது.

‘திருட்டு’ என்னும் அடைமொழி

பதிப்புரிமையை மீறுவோரை ஆங்கிலம் கடற்கொள்ளையரைக் குறிக்கும் சொல்லால் அழைக்கிறது. தமிழில் அவ்வுருவகம் வேரூன்றவில்லை. மாறாகத் ‘திருட்டு விசிடி’ என்னும் தொடர் நிலைபெற்றது. ஆங்கிலத்தில் குற்றம் ஆளின்மேல் ஏற்றப்பட, தமிழில் அது பொருளின்மேல் ஏற்றப்பட்டுள்ளமை நோக்கத்தக்கது. விற்றவர் யார், வாங்கியவர் யார், எதற்காக நகலெடுக்கப்பட்டது என்னும் வினாக்கள் எழுவதற்கு முன்பே தட்டு குற்றப்பொருளாகிவிடுகிறது.

பேச்சுத்தமிழில் ‘திருட்டு’ என்னும் அடை எப்போதும் களவுபோன பொருளைக் குறிப்பதில்லை. ‘திருட்டு ரயில்’ என்றால் திருடப்பட்ட ரயில் என்று எவரும் பொருள்கொள்வதில்லை. சீட்டு வாங்காமல் மறைவாகச் செல்லும் பயணத்தையே அத்தொடர் குறிக்கிறது. அங்கே ‘திருட்டு’ என்பது அனுமதியின்மையையும் மறைவையும் சுட்டும். ‘திருட்டு விசிடி’யின் பொருளும் இந்த வரிசையில் வைத்துப் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் திரைத்துறையின் விளம்பரங்களும் செய்தித்தாள்களும் இத்தொடரை வீடு புகுந்து பொருளை எடுத்துச்செல்லும் களவு என்னும் நேர்ப்பொருளில் கையாண்டன. சட்டம் இவ்விரண்டையும் பிரித்தே பார்க்கிறது. எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களை உரிமமின்றிப் பதிந்து விற்ற டவ்லிங் வழக்கில் (1985) அமெரிக்க உச்சநீதிமன்றம், பதிப்புரிமை மீறலும் களவும் ஒன்றல்ல என்று முடிவுசெய்தது. மீறலால் உரிமையாளரின் நலன் பாதிக்கப்படலாம். ஆனால் அவர் தம் பொருளை இழந்துவிடுவதில்லை என்பதே இவ்வேறுபாட்டின் அடிப்படை.

தமிழகத்தில் இந்தச் சொல்லாட்சி சட்டநூலுக்குள்ளும் நுழைந்தது. கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள் முதலியோரைத் தடுப்புக்காவலில் வைக்க வகைசெய்யும் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டத்தில், 2004ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகக் காணொளி நகல் குற்றவாளிகளும் சேர்க்கப்பட்டனர். குண்டர் சட்டம் என வழங்கும் இச்சட்டத்தின்படி ஒருவரை வழக்கு விசாரணையின்றி ஓராண்டு வரை காவலில் வைக்கலாம். பதிப்புரிமை என்பது அடிப்படையில் உரிமையியல் சார்ந்த கருத்து. அது பொது ஒழுங்கு சார்ந்த தடுப்புக்காவலின் எல்லைக்குள் கொண்டுவரப்பட்டதற்குத் ‘திருட்டு’ என்னும் சொல் தயாரித்திருந்த பொதுக்கருத்து துணைநின்றது எனலாம்.

இச்சொல் ஒன்றாக்கிய செயல்கள் மூன்று. ஒன்று, திரையரங்கில் படத்தைப் பதிந்தோ தட்டிலிருந்து பெயர்த்தோ விற்பனைக்காகப் பல நகல்கள் எடுத்தல். இரண்டு, விலைகொடுத்து வாங்கிய தட்டிலுள்ளதைத் தம் கருவியில் காண்பதற்காக வேறு வடிவத்துக்கு மாற்றுதல். மூன்று, அவ்வாறு மாற்றியதை விலையின்றி உறவினருக்கோ நண்பருக்கோ கொடுத்தல். முதலாவது வணிகக் குற்றம் என்பதில் கருத்துவேறுபாட்டுக்கு இடமில்லை. இரண்டாவது நுகர்வோரின் இயல்பான உரிமை. மூன்றாவது வாதத்துக்குரியது. நகல் தடைப் பூட்டு இம்மூன்றையும் வேறுபடுத்தி அறிய இயலாதது. ‘திருட்டு’ என்னும் சொல்லும் அவ்வாறே இயங்கிற்று என்பதுதான் இங்குக் கருதத்தக்கது.

மண்டலக் குறியீடும் கடல்கடந்த குடும்பமும்

டிவிடி தட்டில் இருவகைப் பூட்டுகள் இருந்தன. ஒன்று, உள்ளடக்கத்தை மறைகுறியாக்கும் முறை. 40 பிட் நீளமுள்ள திறவுகோலைக் கொண்ட இம்முறையை 1999ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான சிறு நிரல் ஒன்று தகர்த்தது. அதில் பங்கேற்ற நார்வே இளைஞர் யோன் லெக் யோஹான்சன், தாம் வாங்கிய தட்டைத் தம் கணினியில் காண்பதற்கே அவ்வாறு செய்தார் என்னும் வாதத்தை ஏற்று, 2003ஆம் ஆண்டில் நீதிமன்றங்கள் இருமுறை அவரை விடுவித்தன. மற்றொன்று மண்டலக் குறியீடு. உலகை ஆறு விற்பனை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்தில் விற்ற தட்டு மற்றொரு மண்டலத்தின் கருவியில் இயங்காதவாறு செய்வது அதன் நோக்கம்.

இந்த மண்டல வரைபடத்தைக் காயல்பட்டினத்தின் தொழில்வழிகளோடு ஒப்பிட்டால் அதன் தன்மை விளங்கும். இந்தியாவும் இலங்கையும் ஐந்தாம் மண்டலம். வளைகுடா நாடுகள் ஐரோப்பாவோடு சேர்ந்து இரண்டாம் மண்டலம். ஹாங்காங்கும் தென்கிழக்காசியாவும் மூன்றாம் மண்டலம். துபாயில் வேலைபார்க்கும் மகன் அங்கே விலைகொடுத்து வாங்கிய தட்டு, விதிப்படி, காயல்பட்டினத்தில் தாய் வீட்டுக் கருவியில் ஓடாது. ஹாங்காங்கில் கடை வைத்திருக்கும் தாய்மாமன் கொண்டுவரும் கருவி, உள்ளூரில் வாங்கிய தட்டை ஏற்காது. நூற்றாண்டுகளாகச் சரக்கும் நூலும் செய்தியும் சென்றுவந்த கடல்வழிகளை விற்பனை வரைபடம் ஒன்று குறுக்கே வெட்டியது. இதில் நகலெடுப்பு நிகழவே இல்லை. உரிய விலை கொடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே மண்டலக் குறியீடு பதிப்புரிமையைக் காப்பதைவிடச் சந்தையைக் கூறுபோடுவதற்கே பயன்பட்டது என்னும் விமர்சனம் வலுவுடையது. விளையாட்டுக் கருவியின் மண்டலப் பூட்டை நீக்கும் சில்லுகளை விற்றவருக்கு ஆதரவாக ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் 2005ஆம் ஆண்டு ஸ்டீவன்ஸ் எதிர் சோனி வழக்கில் தீர்ப்பளித்தமை இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது.

தமிழ்ப்படத் தட்டுகள் பலவற்றில் எல்லா மண்டலத்துக்கும் பொதுவான குறியீடே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். புலம்பெயர் தமிழரை நம்பிய வணிகம் மண்டலப் பிரிவினையைக் கைக்கொள்ளவில்லை. தமிழர் சந்தையின் பரப்பு அந்தப் பூட்டோடு பொருந்தாது என்பதை விற்பனையாளரே உணர்ந்திருந்தமைக்கு இது சான்று.

பூட்டில்லாத கருவி

2005ஆம் ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் காணொளி காட்டும் ஐபாடை வெளியிட்டது. அதற்கான படங்கள் அந்நிறுவனத்தின் இணையக் கடையில் பூட்டோடு விற்கப்பட்டன. அதே ஆண்டில் சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசைத்தட்டுகள் வாங்குவோரின் கணினியில் மறைநிரலை நிறுவியமை வெளிப்பட்டுப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, எண்மப் பூட்டுகளுக்கு எதிரான பரப்புரையைத் தொடங்கியது. 2007இல் ஈஎம்ஐ நிறுவனம் பூட்டில்லாமல் பாடல்களை விற்க முன்வந்தது. 2009இல் ஆப்பிளின் கடையில் இசைக்கான பூட்டு முற்றிலும் விலக்கப்பட்டது. படங்களுக்கான பூட்டு நீடித்தது. மேலைநாடுகளில் நுகர்வோர் எதிர்ப்பு வழக்கு, பரப்புரை, புறக்கணிப்பு என வெளிப்படையாக இயங்கியதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன.

தமிழகத்தில் நிலைமை வேறு. ஆப்பிளின் இணையக் கடை இந்தியாவுக்கு 2012 டிசம்பரில்தான் வந்தது. அதற்குள் சீனாவில் உருவான மலிவு எம்பி4 கருவிகள் வளைகுடாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் திரும்புவோரின் பெட்டிகளில் ஊர்வந்து சேர்ந்திருந்தன. உள்ளங்கைக்குள் அடங்கும் இக்கருவிகளின் திரை மிகச்சிறியது. இவற்றுள் பல, ஏஎம்வி என்னும் எளிய வடிவத்தில் படத்தை ஏற்றுக்கொண்டன. வடிவமாற்றத்துக்கான நிரல் கருவியோடு வந்த குறுந்தட்டிலேயே இருக்கும். படத்தின் தரம் தாழ்ந்தது. ஆனால் கருவி எந்த உரிமத்தையும் கேட்பதில்லை, எந்தக் கடையோடும் தொடர்புகொள்வதில்லை. பூட்டிட்ட கோப்பை அதனால் இயக்க இயலாது. பூட்டற்ற எதையும் அது மறுப்பதில்லை.

இக்கருவிகளுக்கு ஏற்ற மூலமாக விசிடி அமைந்தது. 1993ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்ட விசிடி முறையில் மறைகுறியாக்கம் இல்லை. 352 புள்ளி அகலமும் 288 புள்ளி உயரமும் கொண்ட அதன் படத்தை எந்தக் கணினியும் பெயர்த்துக்கொள்ளும். மேலைநாடுகளில் விசிடி வேரூன்றவில்லை. ஆசியச் சந்தையோ டிவிடி வந்தபின்னும் அதைக் கைவிடவில்லை. 2007ஆம் ஆண்டளவில் மோசர் பேயர் நிறுவனம் தமிழ்ப்படங்களை விசிடியாக 28 ரூபாய்க்கும் டிவிடியாக 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோதும் இவ்விரு வடிவங்களும் அருகருகே இருந்தன. நகல் விற்பனைக்கு எதிரான அந்நிறுவனத்தின் முதன்மைக் கருவி பூட்டாக இல்லாமல் விலையாக இருந்தமை குறிப்பிடத்தக்கது.

இதனை ‘எதிர்ப்பு’ என்று அழைக்கலாமா என்னும் வினா எழும். மலேசிய உழவர்களைப் பற்றிய தம் நூலில் (1985) ஜேம்ஸ் ஸ்காட், ஒலியின்றி அன்றாடம் நிகழும் எதிர்ப்பு வடிவங்களை எடுத்துக்காட்டினார். அக்கருத்தை இங்கு அப்படியே பொருத்துவது மிகையாகும். எம்பி4 கருவியை வாங்கியவர் அதன் விலைக்காகவே வாங்கினார். எண்மப் பூட்டுக்கு எதிரான கொள்கை எதுவும் அவர் மனத்தில் இருந்திருக்கத் தேவையில்லை. ஆகவே இதனை ‘விலகல்’ எனக் குறிப்பதே தகும். பூட்டிட்ட பொருளோடு மோதாமல் பூட்டில்லாத பொருளைத் தேர்ந்தது அவ்விலகல். ஆயினும் விலகலின் விளைவு சிறிதன்று. பொருளை வாங்கியவர் அதனை வேண்டியவாறு பயன்படுத்தலாம் என்னும் எதிர்பார்ப்பு, ஒரு தலைமுறையின் ஊடகப் பழக்கமாகவே நிலைத்தது.

சட்ட வாசகத்தின் ஒளியும் நிழலும்

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏ) பிரிவு நியாயமான கையாளலை மீறலாகக் கருதுவதில்லை. ஆயின் 2012ஆம் ஆண்டு வரை அப்பிரிவு இலக்கியம், நாடகம், இசை, கலை ஆகிய படைப்புகளையே குறித்தது. திரைப்படமும் ஒலிப்பதிவும் அதில் இடம்பெறவில்லை. தாம் வாங்கிய தட்டைத் தம் எம்பி4 கருவிக்கு மாற்றியவருக்கு அக்காலத்தில் இப்பிரிவின் பாதுகாப்பு கிட்டவில்லை. எம்பி4 கருவி பரவிய காலமும் குண்டர் சட்டத் திருத்தத்துக்குப் பிந்தைய காலமும் இதுவே.

2012 ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்நிலையை மாற்றியது. கணினி நிரல் நீங்கலாக எப்படைப்பையும் ஆய்வு உள்ளிட்ட தனிப்பட்ட பயனுக்காக நியாயமாகக் கையாளலாம் என அப்பிரிவு விரிவாக்கப்பட்டது. அந்நோக்கங்களுக்காக ஒரு படைப்பை மின்னணு ஊடகத்தில் சேமித்தல் மீறலாகாது என்னும் விளக்கமும் சேர்க்கப்பட்டது. அதே திருத்தம் 65ஏ பிரிவையும் கொண்டுவந்தது. உரிமையை மீறும் உள்நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டைத் தகர்ப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்க அது வகைசெய்கிறது. 1998ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தோடு ஒப்பிட்டால் இதன் சிறப்புப் புலப்படும். அமெரிக்கச் சட்டம் பூட்டைத் தகர்ப்பதற்கான கருவிகளைப் பரப்புவதையே தடைசெய்கிறது. திரைப்படப் பேராசிரியர் வகுப்புக்காகப் படத்துண்டு எடுக்கவும் மூன்றாண்டுக்கு ஒருமுறை வழங்கப்படும் விலக்கை எதிர்நோக்க வேண்டியுள்ளது. இந்தியச் சட்டம் உள்நோக்கத்தை அளவுகோலாகக் கொண்டது; கருவிகளைத் தடைசெய்யவில்லை; சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்யாத நோக்கத்துக்காகப் பூட்டைத் திறப்பதை அனுமதிக்கிறது.

ஆனால் அதே பிரிவில் ஒரு காப்புவாசகம் உள்ளது. இத்தகைய நோக்கத்துக்காகப் பூட்டைத் திறக்க மற்றொருவருக்கு உதவுபவர், உதவிபெறுபவரின் பெயர், முகவரி, அவரை அடையாளம் காண்பதற்கு வேண்டிய விவரங்கள், நோக்கம் ஆகியவற்றின் முழுப்பதிவேட்டைப் பேண வேண்டும் என அது விதிக்கிறது. மறைகுறியாக்கத்தைத் தாமே நீக்கத் தெரிந்த நுகர்வோர் சிலரே. ஏனையோர் கைபேசிக் கடையையோ கணினி மையத்தையோ நாடுவர். ஐந்து நிமிட வேலைக்குச் சிறுதொகை பெறும் கடைக்காரர் வந்தவரின் பெயரையும் முகவரியையும் நோக்கத்தையும் பதிவேட்டில் எழுதிவைப்பார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. பதிவேடு இல்லாத கடைக்காரரின் உதவி, நோக்கம் முறையானதாக இருந்தபோதும், சட்டத்தின் நிழலில் நிற்கிறது. பதிவேடு வைத்தவரோ தம் வாடிக்கையாளரின் வீட்டுப் பயன்பாட்டை எழுத்தில் பதிந்து வைப்பவராகிறார். தனிமைக்கு வழங்கிய உரிமையை நுகர்வோர் தனிமையை இழந்தே பெறவேண்டியுள்ளமை இவ்வாசகத்தின் உள்முரண்.

‘தனிப்பட்ட பயன்’ யாருடையது?

தனிப்பட்ட பயன் என்று சட்டம் கூறுவது எந்த எல்லை வரை செல்லும் என்பது அடுத்த வினா. திருமணத்துக்குப் பின்னும் பெண் தாய்வீட்டிலேயே வாழ, கணவர் அவ்வீட்டுக்கு வரும் வழக்கம் காயல்பட்டினத்தின் சமூக அமைப்பில் குறிப்பிடத்தக்கது. மகளுக்கென அடுத்து வீடு கட்டித்தருவதால் உடன்பிறந்த பெண்களின் வீடுகள் அருகருகே அமைவதுண்டு. தெருவுக்கு வராமலே பெண்கள் ஒரு வீட்டிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றுவர ‘முடுக்கு’ எனப்படும் குறுஞ்சந்துகள் உதவுகின்றன. இங்கு ‘வீடு’ என்பது நான்கு சுவர்களுக்குள் முடிவதில்லை.

இத்தகைய அமைப்பில் அக்காவின் கருவியிலுள்ள படம் தங்கையின் கருவிக்குச் செல்வதைப் பொதுப்பரவல் எனக் கொள்வதா, தனிப்பட்ட பயன் எனக் கொள்வதா? பூட்டை வடிவமைத்தவரின் கற்பனையில் நுகர்வோர் என்பவர் ஒரு கருவியையும் ஒரு கணக்கையும் உடைய தனியாள். சட்டத்தின் ‘தனிப்பட்ட’ என்னும் சொல்லுக்கு அவ்வளவு குறுகிய பொருள் வேண்டியதில்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் தனிப்பயன் நகல் அனுமதிக்கப்பட்டு, அதற்கு ஈடாக வெற்றுத்தட்டு, கருவி ஆகியவற்றின் விலையில் ஒரு சிறுதீர்வை பெறப்பட்டுப் படைப்பாளருக்குப் பகிரப்படுகிறது. குடும்பத்துக்குள் நிகழும் பகிர்வைக் குற்றமாக்காமல் படைப்பாளரின் நலனையும் பேண வழியுண்டு என்பதற்கு இம்முறை சான்றாகும். இந்திய விவாதங்களில் இது உரிய இடம் பெறவில்லை.

படியெடுத்தல் என்னும் பேணல்

தமிழில் ‘படி’ என்னும் சொல் பெயராக நகலையும் வினையாக வாசித்தலையும் குறிக்கும். ஏட்டுச்சுவடிக் காலத்தில் இவ்விரண்டும் நெருங்கிய செயல்கள். கற்க விரும்பியவர் பெயர்த்தெழுதினார். பெயர்த்தெழுதியதால் நூல் நின்றது. ஓலையும் தாளும் கடற்கரை ஈரத்தில் நெடுநாள் தாங்குவதில்லை. வரகவி காசிம் புலவரைத் தந்த காயல்பட்டினத்தில் அரபுத்தமிழ் எழுத்திலும் தமிழெழுத்திலும் அமைந்த சமய நூல்கள் கற்போரின் படியெடுப்பாலும் பின்னர் அச்சாலும் நின்றன. படியெடுத்தவர் அங்கே மதிப்புக்குரியவர்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே ஊரின் குரல் இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் பதிந்தது. நாகூர் இ.எம். ஹனிபா, காயல் ஏ.ஆர். ஷேக் முகமது முதலியோரின் இசுலாமியப் பாடல்கள் வீடுகளிலும் விழாக்களிலும் ஒலித்தன. திரைப்பாடல்களுக்கு இருந்த மறுபதிப்பு வாய்ப்பு இவ்வகைப் பாடல்கள் அனைத்துக்கும் கிட்டவில்லை. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் பதிப்புரிமை, வெளியான ஆண்டை அடுத்து அறுபது ஆண்டுகள் நிலைக்கும். 1980இல் வெளியான ஒலிநாடாவின் உரிமை 2040இன் இறுதி வரை நீடிக்கும். காந்த நாடா அதுவரை நலம்கெடாமல் இருக்கும் என்று நம்ப இயலாது. வெளியிட்ட நிறுவனம் மறைந்துபோன ஒலிநாடாவை எம்பி3 கோப்பாக மாற்றிக் கருவியில் வைத்திருப்பவரே பல வேளைகளில் அதன் இறுதிக் காப்பாளர். 52(1)(என்) பிரிவு, இலாப நோக்கற்ற பொதுநூலகம் தன்னிடமுள்ள எண்மமல்லாத படியைப் பேணுதற்காக மின்னணுவடிவில் சேமிக்க அனுமதிக்கிறது. தொடக்கத்திலேயே எண்மவடிவில் பிறந்து பூட்டப்பட்ட படைப்புக்கு இவ்வனுமதி நீளவில்லை.

பதிப்புரிமை ஒரு பாடலின் வாழ்வுக்கு இடையூறாகும் நிலையைத் தமிழ்ச்சமூகம் முன்பே எதிர்கொண்டுள்ளது. பாரதியின் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஏவி.மெய்யப்பனிடம் இருந்த நிலையில் எழுந்த பொதுவிவாதத்தின் விளைவாக, 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்று நாட்டுடைமையாக்கியது. ஆ.இரா.வேங்கடாசலபதி இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஒரு படைப்பைப் பாடவும் படியெடுக்கவும் விரும்பிய மக்களைத் திருடர் எனக் கருதாமல் அவர்களின் கோரிக்கைக்கு வழிகண்ட முன்னுதாரணம் தமிழ்ச்சூழலிலேயே உண்டு என்பதை இது காட்டுகிறது.

தயாரிப்பாளரின் வாதம்

படம் வெளியான அன்றே நகல் விற்பனைக்கு வருவதால் முதலீட்டாளர் இழப்புக்குள்ளாவது மெய். பெரிய நிறுவனத்தைவிடச் சிறிய தயாரிப்பாளரையே அது கடுமையாகத் தாக்கும். இவ்விழப்பைப் பொருட்படுத்தாமல் நுகர்வோர் உரிமையை மட்டும் பேசுவது நடுநிலையாகாது. திரையரங்கு கிடைக்காத படங்களை நேரடியாக வீட்டுக்குக் கொண்டுசெல்லும் நோக்கத்தோடு இயக்குநர் சேரன் தொடங்கிய ‘சினிமா டு ஹோம்’ திட்டத்தின் வழியாக, 2015 மார்ச்சில் ‘ஜே.கே எனும் நண்பனின் வாழ்க்கை’ தட்டாக வெளியானது. வீட்டிலிருப்பவரை வாடிக்கையாளராகக் கருதிய முயற்சி அது. திரையரங்கில்லா ஊரின் நுகர்வோருக்கு அது பொருத்தமான அழைப்பாகும்.

மேற்கண்ட மூன்று செயல்களையும் பிரித்தறிவது தயாரிப்பாளருக்கும் நன்மை தருவதே. வணிக நகலெடுப்பின்மேல் சட்டம் கூர்மையாகச் செல்ல வேண்டுமானால், வாங்கிய தட்டை வடிவம் மாற்றுபவர் அச்சட்டத்தின் இலக்கிலிருந்து விடுபட வேண்டும். விலைகொடுத்தவரையும் கொடாதவரையும் ஒரே பெயரால் அழைக்கும்போது, விலைகொடுப்பதன் மதிப்பே குன்றுகிறது. பூட்டு தொல்லை தருவது விலைகொடுத்தவருக்குத்தான். சந்தையில் விற்கும் நகலில் பூட்டு ஏற்கனவே நீக்கப்பட்டிருக்கும்.

முடிவுரை

கையடக்கக் காணொளிக் கருவியின் காலம் முடிந்துவிட்டது. அதன் இடத்தைக் கைபேசியும், தட்டின் இடத்தை ஓடைச்சேவைகளும் பெற்றுவிட்டன. இச்சேவைகளில் ‘பதிவிறக்கம்’ என்பது செயலிக்குள் பூட்டப்பட்டு, குறித்த நாளில் தானே காலாவதியாகும் கோப்பு. அதை வேறு கருவிக்கு மாற்றவும், தாய்வீட்டுக்கு அனுப்பவும், ஆய்வுக்காகப் படத்துண்டு பெயர்க்கவும் இயலாது. நிறுவனம் படத்தை விலக்கிக்கொண்டால் பார்வையாளரிடம் எஞ்சுவது ஒன்றுமில்லை. எம்பி4 கருவியின் காலத்தில் நுகர்வோருக்கு விலகிச்செல்லும் வழி இருந்தது. பூட்டில்லாத வடிவமும் பூட்டைக் கேளாத கருவியும் சந்தையில் கிடைத்தன. இன்று அவ்வழி பெருமளவு அடைபட்டுவிட்டது. விலகலால் நிலைபெற்ற உரிமை, விலக இடமில்லாதபோது நிலைக்காது.

ஆதலால் சட்டம் ஏற்கனவே வழங்கியுள்ள உரிமையைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதே இன்றைய தேவை. 65ஏ பிரிவின் பதிவேட்டு நிபந்தனையிலிருந்து தனிப்பயன், ஆய்வு, பேணல் ஆகிய நோக்கங்களுக்கு உதவுவோரை விலக்குவதும், 52(1)(என்) பிரிவை எண்மவடிவில் பிறந்த படைப்புகளுக்கும் நீட்டிப்பதும் பரிசீலிக்கத்தக்கன. திரைப்படத்தையும் ஒலிப்பதிவையும் ஆய்வுப்பொருளாகக் கொண்ட தமிழ்த்துறைகளுக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. மேற்கோள் காட்ட இயலாத படைப்பை ஆராய இயலாது. படியெடுக்க இயலாத படைப்பை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கவும் இயலாது. விற்பனைக்காகத் திருடுவதையும் பயன்பாட்டுக்காகப் படியெடுப்பதையும் வேறுபடுத்தும் சொற்கள் தமிழில் உள்ளன. ஆய்வுலகமும் ஊடகமும் அவற்றை வேறுபடுத்தியே ஆளவேண்டும் என்பது இக்கட்டுரை வழியாகப் பெறப்படும் முடிவாகும்.